பாட்டுக்காக நின்ற மோட்டார்

மூன்று வருடத்துக்கு முந்தைய வைகாசி. கத்திரி வெயில் முடிந்தும் முடியாத நாட்கள். கரிக்கலாம்பாக்கத்தில் வயலை மனையாக்கிக் கல் நட்டிருந்த ஓரிடத்தில் தனியாக நின்ற புது வீடு ஒன்றில், நாங்கள் நாலு பேர் பத்து நாள் பாட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தோம்.

நாலு பேர் என்றதும் பெரிய கச்சேரிக் கோஷ்டி என்று நினைத்துவிடாதீர்கள். நான் வில்லியனூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். பாட்டு எழுதுவேன், பாடுவேன். ஒருவன் கிட்டார், ஒருவன் பறை. நாலாவது ஆள் பதிவு செய்கிறவன். அவன் அண்ணன் கட்டிய வீடுதான் அது, இன்னும் குடி வராமல் காலியாக இருந்தது. சினிமாப் பாட்டு ஒன்றுகூட இல்லாமல், எங்கள் பேச்சில், எங்கள் மெட்டில் ஏழு பாட்டு. அதை ஓர் ஆல்பமாக வெளியிட வேண்டும். பரிசோதனை நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருந்தேன். இது சரியாக வரவில்லையென்றால் வீட்டில் சொல்கிறபடி பாட்டை மூட்டை கட்டிவிடுவது என்று எனக்கு நானே கெடு வைத்திருந்தேன்.

வெளிச் சத்தம் வரக் கூடாதென்று ஜன்னல்களில் மெத்தையைச் சாய்த்து, கதவிடுக்கில் கோணியைத் திணித்து, ஃபேனையும் நிறுத்திவிட்டோம். அரை இருட்டு, புதுச் சுண்ணாம்பு வாசனை, காதில் ஹெட்போன், உடம்பெல்லாம் வியர்வை. ஒரு மணி நேரம் பாடினால் போதும், பகலா ராத்திரியா என்பதே மறந்துவிடும். சில சமயம் என் குரல் வேறு யாருடையதோ மாதிரி தூரத்திலிருந்து கேட்கும். இப்போது நினைத்தாலும் அந்தப் பத்து நாளும் தூக்கத்தில் நடந்ததாகத்தான் தோன்றுகிறது.

அந்தத் தூக்கத்தைக் கலைக்க ஒரு சத்தம் இருந்தது. பக்கத்து வயலில் தண்ணீர் இறைக்கிற பழைய கம்ப்ரசர் மோட்டார். மெத்தை, கோணி எல்லாவற்றையும் தாண்டி தடதடவென்று வந்து மைக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். என் சுருதி விலகினாலும் நான் மோட்டாரைத்தான் திட்டினேன்.

இரண்டாம் நாள் வரப்பில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். தலையில் துண்டு கட்டிய ஓர் அக்கா, நாற்பத்தைந்து வயதிருக்கும். அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாளாகப் பயிர் வைக்கிறவர். நடவு அப்போதுதான் முடிந்திருந்தது. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"நீயா பாடற?" என்றார்.

"ஆமாங்க்கா."

"சினிமாவுக்கா?"

"இல்லக்கா. நாங்களேதான்."

"நீங்களேவா!" என்று சிரித்தார். "சரி, பாடுங்க. நான் நிறுத்திக்கிறேன். ஆனா முடிஞ்சதும் சொல்லிடணும், இன்னா? நட்டு ரெண்டு நாளுதான் ஆவுது. இந்த வெயிலுக்குத் தண்ணி இல்லன்னா வெந்துடும்."

அந்தக் கோடையில் மோட்டார் ஓடுகிற த்ரீ பேஸ் கரண்ட் காலையிலிருந்து மதியம் வரைதான் இருக்கும். அதற்குள் அவர் பாய்ச்ச வேண்டும், அதற்குள் நாங்கள் பாட வேண்டும். மதியத்துக்கு மேல் வேலைக்குப் போய்விடுவான் கிட்டார்க்காரன். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பாட ஆரம்பித்தால் மாடிக் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கும். மோட்டார் நிற்கும். பாடி முடித்ததும் துண்டை எடுத்துவிடுவோம். மோட்டார் ஓடும். ரயில்வே கேட் கெட்டது போங்கள். நாலு நாள் ஒரு பிசகும் இல்லை.

ஆறாம் நாள் கடைசிப் பாட்டு. மதியத் தூக்கத்தைப் பற்றியது, மெதுவாகப் போகும். இரண்டு நாளாக முட்டி மோதியும் வராமல் இழுத்தடித்த பாட்டு. வெளியே குருவிச் சத்தம் வேண்டுமென்று பதிவு செய்கிறவன் அன்று ஒரு ஜன்னலில் மட்டும் மெத்தையைக் கொஞ்சம் நகர்த்தி, அங்கே தனியாக ஒரு மைக்கை வைத்திருந்தான். துண்டைத் தொங்கவிட்டு வந்து பாடினேன். அன்றைக்குப் பாட்டு தானாக வந்தது. எங்கே மூச்சு எடுத்தேன், எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. கடைசித் தந்தி அடங்கியும் யாரும் அசையவில்லை. கண்ணை மூடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். நம்மால் முடியும், பாட்டை விட வேண்டியதில்லை என்று நினைத்ததும் கண்ணீர் தாரை தாரையாக வந்தது.

அப்புறம் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். இன்னொரு தரம் கேட்டோம். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம், மறுபடி கேட்டோம். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பசி எடுத்துக் கதவைத் திறந்தபோது வெயில் முகத்தில் அறைந்தது. மாடியில் சிவப்புத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"முடிஞ்சிதாம்மா? இன்னா, இன்னிக்கு இவ்ளோ நீட்டுப் பாட்டு! பாடிக்கினே இருந்தீங்க."

நாங்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதை, இன்னும் பாடுகிறோம் என்று நினைத்துக் காத்திருந்திருக்கிறார். ஓடிப் போய் ஸ்டார்ட்டரை அழுத்தினார். சத்தமே இல்லை. த்ரீ பேஸ் போய்விட்டிருந்தது.

"வுடும்மா, நாளைக்குப் பாச்சிக்கலாம்" என்றார். ஆனால் அடுத்த நாள் காலை மனைக்கு ஜல்லி ஏற்றி வந்த லாரி ஒன்று கரண்ட் கம்பத்தைச் சாய்த்துவிட்டது. அன்றும் கரண்ட் இல்லை, மறுநாளும் இல்லை. நாற்றின் நுனி பழுத்துச் சுருண்டது. மேட்டுப் பக்கம் மண் வெடிக்க ஆரம்பித்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வரப்பில் குந்தி நாற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். எனக்கு அவமானமாக இருந்தது. ஒருத்தி வயலைக் காயவைத்துத்தான் பாடகி ஆக வேண்டுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பறை வாசிக்கிறவனுடைய மாமாவுக்கு சோரியாங்குப்பத்தில் கரும்புத் தோட்டம். அங்கே ஓர் ஆயில் இன்ஜின் சும்மா கிடந்தது. அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, பெல்ட் மாட்டி, சாயங்காலத்துக்குள் தண்ணீர் இறைத்துவிட்டோம். தண்ணீர் விரிசலுக்குள் இறங்குகிற சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். பள்ளத்துப் பயிர் பிழைத்தது. மேட்டில் ஒரு பட்டை அப்படியே போய்விட்டது. வாய்க்காலில் மிச்சம் கிடந்த நாற்றுக் கட்டைப் பிரித்து அக்கா மறுபடி நட்டார். நாங்களும் சேற்றில் இறங்கினோம். கிட்டார்க்காரன் நட்டதெல்லாம் மிதந்து வந்தது.

"கொஞ்சினா நிக்காதுடா, அழுத்தி நடு!" என்று அவர் சத்தம் போட்டதும்தான் எங்களுக்கு உயிர் வந்தது.

ஒரு மாதம் கழித்துப் பாட்டுகளைக் கோக்க உட்கார்ந்தோம். கடைசிப் பாட்டில் அந்த ஜன்னல் மைக் பிடித்ததை, அன்று நாங்கள் போட்டுக் கேட்டதில் சேர்க்காததை, தனியாகப் போட்டான் பதிவு செய்கிறவன். குருவிச் சத்தம் வந்தது. கடைசித் தந்தி அடங்கியபின் செருப்புச் சத்தம். அப்புறம், பாட்டைக் கெடுத்துவிடக் கூடாதே என்கிற பயத்தோடு, ஒரு பெண் குரல்.

"முடிஞ்சிதாம்மா?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, இன்னும் மெதுவாக, "ம்மா… முடிஞ்சிதா?"

பிறகு செருப்புச் சத்தம் விலகிப் போனது. காத்திருந்தார் என்பதுதான் எங்களுக்குத் தெரியும். வந்து கேட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் காதில் ஹெட்போன் இருந்திருக்கிறது. அழித்துவிடவா என்று கேட்டான் அவன். அவரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லி, போனை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன்.

ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "ஐய, என் கொரலா இது!" என்று வாயைப் பொத்திச் சிரித்தார். "இருந்துட்டுப் போவட்டும்மா. நானும் பாட்டுல கீறேன்னு சொல்லிக்கிறேன்."

அப்படியே விட்டோம். பாடியவர்கள் வரிசையில் அவர் பெயரையும் போட்டோம். டவுனில் சின்ன ஹாலில் வெளியீட்டு விழா. பாதி நாற்காலி காலி, மீதிப் பாதியில் எங்கள் சொந்தக்காரர்கள். ஆனால் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஆல்பம் ஒவ்வொரு போனாகப் பரவியது. முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். பெரும்பாலும் கடைசிப் பாட்டைப் பற்றி, அதிலும் அந்தக் குரலைப் பற்றி. இசையிலிருந்து வெளியேற மறுக்கும் ஆன்மாவின் கேள்வி என்று ஒருவர் எழுதினார். இந்த முடிவை யோசிக்க எத்தனை நாள் ஆனது என்று இன்னொருவர் கேட்டார்.

ஆவணியில் அறுப்பு நடக்கும்போது அக்காவிடம் போய் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஆன்மா என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அது கெடக்கட்டும். அன்னிக்கு ஏம்மா அழுத?"

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டு வாட்டி கேட்டேன், பதில் இல்ல. சரின்னு மெத்தை சந்துல எட்டிப் பாத்தேன். நீ கண்ணை மூடிக்கினு அழுதுக்கினு இருந்த. இன்னா கஷ்டமோ இந்தப் பொண்ணுக்கு, பாடித் தீத்துக்கட்டும், எழுப்பக் கூடாதுன்னு வந்துட்டேன். அப்புறம் பாத்தா மறுபடி பாட்டுச் சத்தம். தீரவே இல்ல போலன்னு நெனச்சேன். இப்ப தேவலையா?"

பாட்டு நன்றாக வந்த சந்தோஷத்தில் அழுதேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இப்ப தேவலக்கா" என்றேன். "அது போதும்" என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நான் பாட்டை விடவில்லை, இன்றும் பாடுகிறேன். ஒரு பாட்டு நன்றாக அமைந்து கண் கலங்கும்போதெல்லாம், அந்தச் சுகத்தில் கிடக்காமல் உடனே கண்ணைத் திறந்து, வெளியே யாராவது எனக்காகக் காத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.