விபூதி போட்டுத் தேய்த்த ஸ்பெயின் காசு

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு மதராஸ் மெயில் என்னை ஹௌராவில் இறக்கியது. ஆயிரம் மைலுக்கு மேல் மூன்றாம் வகுப்புப் பலகையில் வந்ததில் இடுப்பு கழன்றே போயிற்று. குதிரை வண்டிக்காரன் பவானிபூருக்கு ஒன்றரை ரூபாய் கேட்டு, ஒரு ரூபாய்க்கு இறங்கி வந்தான். மிதவைப் பாலத்தைத் தாண்டும்வரை மடியிலிருந்த தகரப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதில் ஸ்பெயின் தேசத்து வெள்ளிக்காசுகள் பன்னிரண்டு, எல்லாம் வாஸ்கோடகாமா நம் பக்கம் தலைகாட்டுவதற்கு முந்தியவை.

அவற்றில் ஒரே மாதிரிக் காசு இரண்டு இருந்தன. அதில் ஒன்றைக் கொடுத்து, அலிப்பூர் வக்கீல் பாபு ஒருவரிடமிருந்து ஸ்பெயினை அராபியர் ஆண்ட காலத்தில் அரபு எழுத்துப் பொறித்து அடித்த கொர்தோவா நகரத்துக் காசை வாங்கத்தான் இந்தப் பிரயாணம். மூன்று வருஷம் கடிதம் எழுதி அவரைச் சம்மதிக்க வைத்திருந்தேன்.

பவானிபூரில் நான் தங்கியது சிநேகிதர் சுந்தரமையர் வீட்டில். அவர் மனைவி தர்மாம்பாள், காரியம் பலிக்க, கொடுக்கப்போகிற காசைச் சுவாமியிடம் வைக்கச் சொன்னாள். வைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. காலையில் குளித்துவிட்டு வந்தால், பூஜை வெள்ளிச் சாமான்களோடு என் காசும் விபூதியில் தேய்பட்டுக் கல்யாணத் தட்டுபோல ஜொலிக்கிறது! பழங்காசுக்கு மதிப்பே அதன்மேல் காலம் படியவைத்த கறுப்புத்தானே!

பத்து மணிக்கு அலிப்பூர். பாபு சந்தேஷ் மிட்டாய் கொடுத்து உபசரித்தார். காசை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்: “வெள்ளி எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தக் கறுப்புக்கு எங்கே போவேன்?”

கோபித்திருந்தாலாவது தேவலை. தம் காசை ஒரு நிமிஷம் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டில் தர்மாம்பாள் பாயசம் வைத்துக் காத்திருந்தாள். அவளிடம் எந்த வாயால் சொல்வது? பாபு பளபளப்பைப் பார்த்து அசந்துபோனார், முடிவைப் பிறகு சொல்வார் என்று புளுகினேன்.

சனிக்கிழமை, டிராம் கூட்டத்தில் எவனாவது அடித்துக்கொண்டு போய்விடுவானே என்று பெட்டியையும் சாவியையும் அவளிடமே ஒப்படைத்துவிட்டு மியூசியம் போனேன். நான்கு மணிக்குத் திரும்பினால், கூடத்தில் வாழையிலைமேல் பன்னிரண்டு காசும் பளபளவென்று வரிசையாக இருந்தன.

“பாபுவுக்குப் பிடிச்சுதுன்னேளே அண்ணா, மிச்சத்தையும் தேய்ச்சுட்டேன். கறுப்புப் போகாத இடத்துக்குக் கொஞ்சம் புளியும் போட்டேன்.”

அவள் விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. நன்றாயிருக்கிறதம்மா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் புளியோதரை மூட்டையைப் பிரித்தேன். உள்ளே ஒரு பொட்டலம் விபூதியும் இருந்தது. ஊரில் என் மனைவி தேய்த்துவிடப் போகிறாளே என்று பயந்து, பதினைந்து வருஷமாகப் பெட்டிச் சாவியைப் பூணூலிலேயே முடிந்து வைத்திருந்தவன் நான்.