மேல்தட்டில் ஒரு பீங்கான்

மூடியில்லாத டப்பாக்களை ஒரு பக்கமும் டப்பா இல்லாத மூடிகளை மறுபக்கமும் தரையில் பரப்பி, நடுவில் சம்மணமிட்டு றுஸைனா ராத்தா ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறார். பொருத்தம் பார்க்கும் கல்யாணத் தரகரின் முகம் அவருக்கு. ஜோடி கிடைக்காதவை வாசலில் வாய் பிளந்து நிற்கும் சாக்குக்குள் போகும். "ஆறு மாசமா கைபடாத சாமான் ஊட்டுல ஈக்கத் தேவல்ல" என்பது அவருடைய சட்டம். கணவர் அப்துல் ஸமத் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக் கடைகளுக்கு லொறியில் மரக்கறி கொண்டுவருபவர். வீட்டில் இருக்கும்போது நாற்காலியில் அதிக நேரம் அசையாமல் உட்காரமாட்டார். ஏன் என்று கேட்டால் சாக்கின் பக்கம் கண்ணைக் காட்டுவார்.

ராத்தா வீட்டு முன்னறையில் பாடசாலைச் சீருடை தைக்கிறார். முன்பெல்லாம் தைக்கிற நேரத்தைவிடக் கத்தரிக்கோல் தேடுகிற நேரம் கூட. பிரஷர் ஏறி டொக்டர் அதட்டிய பிறகுதான் கட்டாரில் இருக்கும் மகள் மர்வா வட்ஸ்அப்பில் வீடியோக்களை அனுப்பத் தொடங்கினாள். வீடு ஒழுங்கானால் மனம் அமைதியாகும், உடம்பில் தெம்பு கூடும் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் அதில் சிரித்துக்கொண்டே சொல்வாள். ராத்தாவுக்குப் பாஷை விளங்கவில்லை, அலுமாரி விளங்கியது. "அந்தப் புள்ளட அலுமாரியப் பாத்தாலே எனக்கு நல்லா மூச்சு வருது" என்றார். பொய்யில்லை. கத்தரிக்கோல் ஆணியில் ஏறியது, பொத்தான்கள் நிறம் பார்த்து யோகட் கப்புகளில் குடியேறின, அந்தியில் வரும் தலைவலி வழி மறந்து போனது.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ராத்தாவின் கைகளும் அந்த இனம். மருந்துக்கடையில் காத்திருந்தால் கண்ணாடிப் பெட்டிமேல் கிடக்கும் இனிப்புகளை வரிசையில் நிறுத்துவார். ஒரு மையத்து வீட்டில் வாசலில் கிடந்த செருப்புகளை அளவு பார்த்து அடுக்கிவிட்டார். அழுதுகொண்டு வெளியே வந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுச் செருப்புத் தேட வேண்டியதாயிற்று.

இந்தக் கைகள்தான் அவரை மாட்டிவிட்டன.

மதிலுக்கு அந்தப் பக்கம் நோனாவின் வீடு. ராத்தா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டு குசினிகளுக்கும் நடுவே பலகாரம் ஏந்திய பீங்கான்கள் மதிலேறிப் போய்வந்தன. வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது ஊர் முறை. வட்டிலாப்பம் வந்தால் தொதோலாவது போகவேண்டும், எதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது. அதனால் இவருடைய பீங்கான் அங்கேயும் அவருடையது இங்கேயுமாகவே காலம் போனது.

போன வருஷம் நோனா கண் ஒப்பரேஷனுக்காகக் கொழும்புக்குப் போனார். பூனைக்குச் சோறு வைக்கச் சொல்லி வீட்டுத் திறப்பை ராத்தாவிடம் கொடுத்தார். ராத்தா பூனைக்குச் சோறு வைத்தார். பிறகு நிமிர்ந்து குசினியைப் பார்த்தார். நோனா திரும்பி வரும்போது வாய் நிறைய துஆச் செய்யப்போகிறார் என்ற ஆசையில் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நெளிந்த டின்கள், பழைய அகப்பைகள், விளிம்பு உடைந்து கறுத்துப்போன மீன் சட்டி எல்லாம் சாக்குக்குள் போய், அங்கிருந்து பழைய போத்தல் வாங்குகிறவரின் வண்டியில் ஏறின. புதுப் போத்தல்கள் பெயர் ஒட்டி வரிசையில் நின்றன.

நோனா வந்தார். கறுப்புக் கண்ணாடியோடு குசினிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு மதிலருகே வந்து நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஒப்பரேஷன் செஞ்சி கண்ணு நல்லா தெரியுது றுஸைனா. என்ட குசினியிலதான் நான் குருடி மாதிரி தடவுறேன்."

அத்தோடு பேச்சு நின்றது. நல்லதுதானே செய்தேன் என்று ராத்தா வீம்பு பிடித்தார். அந்த மீன் சட்டி நோனாவுடைய உம்மா கொடுத்தது என்பது பிறகுதான் காதுக்கு வந்தது. அதற்குப் பிறகு வீம்பு மட்டும் மிஞ்சியது, ருசி போய்விட்டது.

ராத்தாவின் அலுமாரியில் எல்லாம் குறைந்துகொண்டே வந்தது. மேல்தட்டில் மட்டும் நீலப்பூப் போட்ட நோனாவின் பீங்கான் தனியாக இருந்தது. ஆறு மாதம் எப்போதோ கடந்துவிட்டது. சட்டத்தை நினைத்துப் பலமுறை கையில் எடுத்தார், துடைத்துவிட்டு அதே இடத்தில் வைத்தார். வீடு பளிச்சென்று இருக்கிறது, பிரஷர் மறுபடி ஏறியிருக்கிறது. உப்புக் கூடுதலாகச் சாப்பிடுகிறீர்களா என்று டொக்டர் கேட்டார். நோனா இல்லாமல் எதுவுமே தொண்டையில் இறங்கவில்லை என்று டொக்டரிடம் எப்படிச் சொல்வது?

வீடியோ கோலில் அலுமாரியைப் பார்த்த மர்வா, அந்த ஒரு பீங்கானைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள்.

"வெறும் பீங்கானக் குடுக்க ஏலா மகள்."

"அப்ப எதையாச்சும் போட்டுக் குடுங்க, உம்மா."



போன வெள்ளிக்கிழமை ராத்தா கருப்பட்டியைத் தாராளமாகப் போட்டு வட்டிலாப்பம் அவித்தார். ஒரு துண்டை நீலப்பூப் பீங்கானில் வைத்து, மதிலுக்கு மேலால் நீட்டத் தைரியம் இல்லாமல் கேற் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். கதவைத் திறந்த நோனா முதலில் பீங்கானைப் பார்த்தார், பிறகுதான் ஆளை. சட்டியைப் பற்றிப் பேச ராத்தா வாயெடுத்தார். "வட்டிலாப்பம்" என்பதுதான் வாயில் வந்தது.

"உள்ளுக்கு வா" என்றார் நோனா. "ஒன்டையும் தொட வாணாம்."

குசினி பழையபடி ஆகியிருந்தது. 'மிளகாய்த்தூள்' என்று ஒட்டிய போத்தலில் நுளம்பு விரட்டும் திரி இருந்தது, 'பருப்பு' என்ற போத்தலில் பூனையின் கருவாடு. சாப்பிடக் கரண்டி எடுக்க நோனா லாச்சியை இழுத்தார், தேயிலை டின்னைத் திறந்தார், பத்திரிகைக் கட்டைத் தூக்கிப் பார்த்தார். கரண்டியோ, கேத்தலுக்குப் பின்னால் குடைக்குப் பக்கத்தில் தலைகீழாக நின்றது. ராத்தாவின் கண்ணுக்கு அது நன்றாகவே தெரிந்தது. விரல்கள் துடித்தன.

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் தள்ளி, அவற்றின்மேல் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.