சுண்டைக்காய் அளவு லேகியம்

கஞ்சாவை விட்ட பதினோராம் நாள் என் மனைவி தன் கையாலேயே எனக்கு அதை ஊட்டினாள். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வீட்டில் முதல் செல்போன் வாங்கிய வருஷம் அது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் எனக்குச் சூளை வேலை. கரண்டு பெட்டியில் மாட்டுகிற பீங்கான் பீஸ் கட்டைகளை அடுக்கிச் சுட்டு இறக்க வேண்டும். அந்த வெக்கையில் நின்றுவிட்டு வந்தால் சோறு இறங்காது. கூட வேலை செய்தவன் கொடுத்த கஞ்சா பீடியில் பசியும் வந்தது, தூக்கமும் வந்தது. அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

ஒருநாள் என் சட்டைப் பையில் பொட்டலத்தை மனைவி பார்த்துவிட்டாள். சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவ பாத்தேன்னா பொண்ணத் தூக்கிக்கிட்டுப் பெண்ணாடம் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்" என்றாள். அவளுடைய அம்மா வீடு அங்கே. சொன்னால் செய்கிறவள். அன்றே விட்டேன்.

நான் விட்டாலும் உடம்பு விடவில்லை. சோற்றைக் கண்டாலே குமட்டல், எதற்கெடுத்தாலும் எரிச்சல். ரகசியமாக ஒரு டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். கஞ்சா போன்ற ஒன்றை நம் உடம்பே துளித்துளியாகச் செய்துகொள்கிறதாம். பசி, தூக்கம், கவலை எல்லாவற்றையும் அதுதான் கூட்டிக் குறைத்து நிதானத்தில் வைக்கிறது. அதை வாங்கிக்கொள்ள மூளையில் தனி இடங்கள் உண்டு. புகை வெள்ளமாக வந்து அந்த இடங்களில் உட்கார, மூளை இடங்களையே குறைத்துவிட்டது. இப்போது உடம்பு செய்கிற துளி போதவில்லை. இடங்கள் திரும்பி வரச் சில வாரம் ஆகும், அதுவரை தாங்கு என்றார். சூளை ஆறும் முன் கதவைத் திறக்காதே என்று ஊருக்கே உபதேசம் செய்கிறவன் நான். என் விஷயத்தில் ஒருநாள்கூடப் பொறுக்க முடியவில்லை.

சூளைக்காரன் சாப்பிடாவிட்டால் சூடு உள்ளே இறங்கிவிட்டது என்பார்கள் எங்கள் தெருவில். என் மனைவியும் நம்பினாள். கம்மாபுரம் பக்கம் ஒரு வைத்தியரிடம் போய் லேகியம் வாங்கி வந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி வாயில் வைத்தாள். வெல்லத்துக்கும் சுக்குக்கும் அடியில் அந்த வாடையை நாக்கு கண்டுகொண்டது. ஒரு மணி நேரத்தில் மூன்றாம் தடவை சோறு கேட்டேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு சந்தோஷம்.

சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் டப்பாவை எடுக்கும் நேரத்துக்காகக் காலையிலிருந்தே காத்துக் கிடந்தேன். எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லை அவளே வைத்தாள், நான் தின்றுகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான்கு வயது மகள் சாப்பிடாமல் அடம்பிடித்தாள். மனைவி டப்பாவைத் திறந்தாள். அப்பாவுக்குக் கேட்ட மருந்து இவளுக்கும் கேட்கும் என்று சொல்லிக்கொண்டே மிளகளவு உருட்டினாள். குழந்தை வாயைத் திறந்துவிட்டது. மனைவியின் கையைப் பிடித்தேன்.

"குடுக்காத. அதுல கஞ்சா இருக்குது."

அவள் உருண்டையைப் பார்த்தாள். பிறகு என்னை.

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத நாளே."

ஒன்றுமே போகாத குழந்தையின் வாயை முந்தானையால் துடைத்தாள். பையை எடுத்தாள். பெண்ணாடம் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடமே கேட்டாள். சொன்னேன்.

டப்பாவை மறந்துவிட்டுப் போனாளா, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனாளா தெரியவில்லை. பாதிக்கு மேல் இருந்தது. அன்றே சாக்கடையில் கொட்டினேன் என்று எழுதத்தான் ஆசை.