சொம்புத் தண்ணீரும் நாமக்கல் கோட்டையும்: கர்ப்பப்பை இறக்கத்தோடு ஒரு பகல் பயணம்

கடந்த மாசி மாதம் ஒரு புதன்கிழமை, சேலம் சூரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் நாமக்கல் போய், கோட்டை ஏறி இறங்கி, அங்கிருந்து அண்ணன் வீட்டுக்கும் போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பினேன். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போய் வந்ததற்கு ஒரு பதிவா என்று கேட்பவர்கள் தாராளமாக வேறு பதிவுக்குப் போகலாம். பஸ் ஏறுவதற்கு முன் மூன்று முறை கழிப்பறைக்குப் போய்வந்தும் நிம்மதி இல்லாமல் நிற்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஐந்து வருடங்களாகக் கர்ப்பப்பை இறக்கம். எங்கள் ஊரில் ‘அடி எறங்கிருச்சு’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். சாயங்காலம் ஆனால் கீழே ஏதோ உருண்டையாக வந்து நிற்பது போல இருக்கும். கூடவே சிறுநீர் அவசரம். வந்தால் வந்ததுதான், ஒரு நிமிடம் பொறுக்காது. வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கும் அந்த ஒரு நொடியில் எத்தனை சேலை நனைந்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்கள், நான் ஏன் எல்லா ஊரிலும் கோயிலைவிடக் கழிப்பறையைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன் என்று கிண்டல் செய்ததுண்டு. காரணம் இதுதான், இப்போது சொல்லிவிட்டேன்.

இந்தப் பயணத்துக்கு ஒரு அவசரம் இருந்தது. அண்ணன் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். அண்ணன் போனில் தேதியைச் சொன்னார். அண்ணன் மனைவி, எங்கள் வழக்கில் நங்கை, போனை வாங்கி ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை முறைக்கு நான் ஒருத்திதான். மேடையில் அத்தையாக நிற்கப் போகிறேனா, பந்தலில் பத்தோடு பதினொன்றாக உட்காரப் போகிறேனா என்பது அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்போம். தாகம் இருக்கிறதோ இல்லையோ, வாங்கி நாலு மடக்காவது குடித்துவிட வேண்டும். தொடாமல் வைத்தால் மனஸ்தாபம் என்று அர்த்தம். நான் நாலு வருடமாக நங்கை வீட்டில் அந்தச் சொம்பைத் தொடவில்லை. குடித்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு. அவருக்கு அது எப்படித் தெரியும்? அதற்குப் பதில் மாதிரி, எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு வந்த நங்கையும் தண்ணீரைத் தொடாமல், சாப்பாட்டுக்கும் இருக்காமல் கிளம்பிவிட்டார். சரி, பழிக்குப் பழி என்று நானும் நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு குறைந்துபோனது.

ஆகவே திட்டம் இது: நங்கை வீட்டில் ஒரு சொம்பு முழுக்கக் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு ஓடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முன் என்னையே சோதித்துப் பார்க்கக் கோட்டை.

காலை 8.10க்குக் கிளம்பினேன். எப்போதும் சேலம் ஜங்ஷனிலிருந்து ரயிலில்தான் போவேன், அதில் கழிப்பறை இருக்கிறது. இந்த முறை வேண்டுமென்றே பஸ். இன்னொரு பழக்கத்தையும் விட்டேன். வராதபோதும் ‘எதுக்கும் ஒருதரம் போய்ட்டு வந்துர்றேன்’ என்று போகும் பழக்கம். இறக்கத்துக்காக எனக்குத் தசைப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் இதைத்தான் முதலில் நிறுத்தினார். காலியாகவே வைத்துப் பழக்கினால் சிறுநீர்ப் பை கொஞ்சம் நிறைந்ததுமே கூப்பாடு போடுமாம். சூரமங்கலத்திலிருந்து புதுப் பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து பைபாஸ் வண்டி, 45 ரூபாய். ஏறியதும் பின்பக்கம் காலியாக இருந்தது. நான் நடுவில் ஒரு இடத்துக்காக நின்றேன்.

“ஏனுங்கக்கா, பின்னால எடம் கெடக்குது, நிக்கறீங்க?” என்றார் கண்டக்டர்.

“பின்னால தூக்கித் தூக்கிப் போடுமுங்க. நடுவுல ஒரு சீட்டு வாங்கிக் குடுங்க.”

அவர் ஒரு கல்லூரிப் பையனைப் பின்னால் அனுப்பிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். உங்களுக்கும் சொல்கிறேன், பின் சக்கரத்துக்கு மேல் உட்காராதீர்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் கீழே இடி விழும். அப்படி விழுவதற்கு முன், கர்ப்பப்பையையும் சிறுநீர்ப் பையையும் கீழிருந்து தாங்கும் அடித்தளத் தசையை ஒரு இறுக்கு இறுக்கிக்கொள்ள வேண்டும். இருமலுக்கும் தும்மலுக்கும் அதே முறைதான்.

மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று வண்டி போனது. வழியில் அரை லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். முன்பெல்லாம் பயண நாளில் வாயை நனைப்பதோடு சரி. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சலும் அவசரமும் கூடத்தான் செய்யும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். 9.50க்கு நாமக்கல். பஸ் நிலையம் இப்போது ஊருக்கு வெளியே வந்துவிட்டது. அங்கே கழிப்பறைக்குப் போய்விட்டு (இது நிஜமாகவே வந்ததால் போனது), டவுன் பஸ்ஸில் கால் மணி நேரத்தில் கோட்டைக்குப் பக்கத்தில் இறங்கினேன்.

நாமக்கல் பாறையைப் பார்க்காதவர்களுக்கு: ஊருக்கு நடுவில் ஒரே கல்லாக உட்கார்ந்திருக்கும். படிகள் அதிலேயே வெட்டியவை, சில இடங்களில் கால் அகலம்கூட இருக்காது. கட்டணம் கிடையாது. மேலே கழிப்பறையும் கிடையாது, அல்லது என் கண்ணில் படவில்லை.

ஏறுவதற்கு முன் நின்ற விதத்தைச் சரிசெய்தேன். நிமிர்ந்து நில் என்றால் நான் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி வயிற்றை எக்கி நிற்பேன். பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு, “வயித்த எக்குனீங்கன்னா பாரமெல்லாம் கீழதான் எறங்கும். வயித்த உடுங்க, விலாவ இடுப்புக்கு நேரா வைங்க, கூனாதீங்க, அது போதும்” என்றார். இன்னொரு தவறு, நாமக்கல் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்வது. கோழிப்பண்ணையில் தீவன மூட்டை தூக்கும்போது ‘தம் கட்டித் தூக்கு’ என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். மூச்சை அடக்கினால் அந்த அழுத்தம் எங்கே போகும்? கீழேதான். பிரசவம் முடிந்து மூன்றாம் மாதமே தம் கட்டி மூட்டை தூக்கியவள் நான். பயிற்சி தொடங்கியபோதும் இறுக்கச் சொன்னால் தம் கட்டிக் கீழே முக்கினேன். கீழே காற்றுப் பிரியாமல் அடக்குவது போல உள்ளே, மேலே இழுக்க வேண்டும், மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு முழுசாகத் தளர்த்த வேண்டும் என்பது பிடிபடவே ஒரு மாதம் ஆனது.

படிக்கு ஒரு மூச்சு. காலை ஊன்றி எழும்பும்போது மூச்சை வெளியே விட்டேன். பாதிப் படியில், கைப்பிடிக் கம்பி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, வந்தது அவசரம். கீழே தெரிந்த கமலாலயக் குளத்துத் தண்ணீரைப் பார்த்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். முன்பானால் ஓடியிருப்பேன்; ஓடினால் நிச்சயம் நனையும். அசையாமல் நின்றேன். ஐந்தாறு முறை சட்டுச் சட்டென்று இறுக்கித் தளர்த்தினேன். குதிகாலை லேசாகத் தூக்கி இறக்கினேன். மனசுக்குள் எங்கள் பழைய பண்ணையில் கோழிக்கூண்டுகள் இருந்த வரிசையை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதிரே இறங்கி வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து நின்றார்.

“ஏனுங்க, மயக்கமா வருதுங்களா? உக்காருங்க.”

“இல்லீங்க. ஒரு வேலையா நிக்கறேன்.”

பாறை நடுவில் என்ன வேலை என்று அவர் யோசித்துக்கொண்டே இறங்கினார். அதற்குள் அவசரம் அலை மாதிரி எழுந்து அடங்கிவிட்டது. நான் மேலே ஏறினேன்.

உச்சியில் கோட்டைச் சுவர் ஓரமாக நின்று பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளிலிருந்து தகரம் தட்டும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. ஒரு துளிகூட நனையாமல் மேலே வந்திருக்கிறேன். அங்கே நின்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணும் கலங்கியது. அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். இறங்குவதுதான் கீழே அதிகமாக அதிரும், ஆகவே பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை லேசாக மடக்கி இறங்குங்கள்.

மதியம் 12.40க்கு மோகனூர் சாலையில் மினி பஸ், எட்டு கிலோமீட்டர், 12 ரூபாய். அண்ணன் வீடு பண்ணையை ஒட்டியே இருக்கிறது. வாசலில் முட்டை ஏற்ற ஒரு வேன் நின்றது. அண்ணன் அங்கே நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நங்கை, “வாங்க அம்மிணி” என்றார். சிரிக்கவில்லை. சொம்பு வந்தது. கையில் தரவில்லை, எனக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தார்.

“குடிக்கறதுன்னா குடிங்க.”

எடுத்து அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். காலிச் சொம்பை அவர் கையில் கொடுத்தேன். “இன்னுங் கொஞ்சம் கெடைக்குங்களா நங்கை?”

அவர் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். “நாலு வருசமா எங்கூட்டுத் தண்ணி கசந்துச்சாக்கும். இன்னைக்கு மட்டும் எப்புடி இனிச்சுது?”

“தண்ணி எப்பவுங் கசக்கலீங்க. குடிச்சா ஒடனே போவோணும். உங்க பாத்ரூமு அந்தக் கடேசில இருக்குது. வாசல்ல அத்தன ஆம்பளைங்க உக்காந்திருக்கறப்ப அவங்களத் தாண்டி ஓட முடியுங்களா? ஓடறதுக்குள்ளயே சேலை நனைஞ்சுருமுங்க. எனக்கு அடி எறங்கிருக்குதுங்க நங்கை.”

நங்கை கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்குந்தானுங்க அம்மிணி” என்றார். “சின்னவன் பொறந்ததுல இருந்தே. உங்க புது ஊட்டுக்கு வந்தேன்ல? கீழ இருந்த பாத்ரூமுக்கு முன்னால சமையக்காரங்க அண்டா குண்டாவெல்லாம் அடுக்கி வெச்சிருந்தாங்க. யாரக் கேக்கறது, எப்புடிக் கேக்கறது? அதான் வாயே நனைக்காம ஓடியாந்துட்டேன். நீங்க கோவமா இருக்கறீங்கன்னு தெரியும். இதப் போயி எப்புடிச் சொல்றதுன்னு உட்டுட்டேன்.”

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அண்ணன் கதவைத் தட்டி, “உள்ள என்ன நடக்குது?” என்று கேட்கும்வரை சிரித்தோம்.

“கல்யாணப் பேச்சு நடக்குதுங்க” என்றார் நங்கை.

அன்று நான் அவர் வீட்டில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இருந்தேன். மறுபடியும் அவசரம் வந்தது. நின்று, இறுக்கி, அடங்கியதும் வாசல் வழியாக நிதானமாக நடந்துபோய் வந்தேன். அண்ணனோடு நின்ற வேன்காரருக்கு ஒரு வணக்கமும் சொல்லிவிட்டுத்தான் போனேன். நங்கை பின்னாலேயே வந்து, “என்னமோ பூச்சூட்டுப் பொண்ணாட்டம் அசைஞ்சு அசைஞ்சு நடக்கறீங்க” என்றார். தீவனக் கொட்டகையில் அவர் வாளியைத் தூக்கப்போனபோது தம் கட்டுவதைப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தினேன். “மூச்ச உட்டுக்கிட்டே தூக்குங்க. வாளிய ஒடம்போட ஒட்டி வைங்க. தூக்கறதுக்கு முன்னால ஒரு இறுக்கு.” நாலாவது வாளியில் சரியாகச் செய்தார். “இத்தன வருசம் இந்தத் தம்முலதான் போச்சாக்கும்” என்று தீவனத் தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

கிளம்பும்போது தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அண்ணனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, முறையாக அழைத்தார். “அத்த இல்லாம முகூர்த்தமுங்களா? மூணு நாளைக்கு முன்னாடியே வந்துரோணும். மண்டபத்துல பாத்ரூமு ஒட்டுன ரூமு உங்களுக்கு.”

“எனக்கில்லீங்க, நமக்கு” என்றேன்.

3.50 மினி பஸ், பிறகு பைபாஸ் வண்டி, 6.15க்கு வீடு. சாவியை நிதானமாக நுழைத்துத் திறந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கோட்டைக்குக் காலையில் போங்கள், மதியம் பாறை சுடும். டீயும் காபியும் அன்றைக்கு வேண்டாம், தண்ணீரைக் குறைக்காதீர்கள். மலச்சிக்கலை முதலில் சரிசெய்யுங்கள், முக்குவதும் தம் கட்டுவதுதான். வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு சின்ன முக்காலி வையுங்கள். பயிற்சி என்று சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். எனக்கு இருந்தது நடுத்தர இறக்கம், பயிற்சியால் இறக்கம் முழுசாக மறைந்துவிடவில்லை, ஆனால் என் சொல்பேச்சுக் கேட்கிறது. சிலருக்கு உள்ளே வைக்கும் வளையம் உதவும், சிலருக்கு ஆபரேஷன்தான் வழி. ஆகவே முதலில் பெண் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் போகாமல் அடைத்தாலோ ரத்தம் பட்டாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, வீட்டில் விருந்தாளி வரும்போது செய்ய வேண்டியது. ஒருத்தி உங்கள் வீட்டில் தண்ணீரைத் தொடாமல் எழுந்தால் கோபம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டுங்கள். அதற்குப் பிறகு சொம்பை நீட்டுங்கள்.