ஆடு விற்ற காசில் இளநீர்

மாதாமாதம் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிப்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எனக்கென்ன நோவா வந்து கெடக்குது? அதைப் பணமாக் குடுங்க" என்று ஓசூர் தொழிற்சாலையின் டைம் ஆபீஸ் கிளார்க்கிடம் கத்தியிருக்கிறேன். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னைப் போட்டோ எடுக்க அனுப்பி, கார்டை வாங்கிக் கொடுத்தார்.

எண்பதுகளில் எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. ஊசியில் மருந்து ஏற்றி, அது சிறுநீரோடு இறங்குவதை எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் சீட்டையும் கார்டையும் காட்டினேன். தனியார் எக்ஸ்ரே சென்டரில் என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை.

எனக்கு முன்னால் அதே எக்ஸ்ரே எடுத்தவர் ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி விவசாயி. இருவரும் முந்தின இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெளியே வந்ததும், "ரெண்டு ஆட்டை வித்துக் கட்டினேன். உனக்கு எவ்ளோ ஆச்சு?" என்றார்.

ஒன்றும் கட்டவில்லை என்று சொல்ல வாய் கூசியது. "அதேதாண்ணா" என்று பொய் சொன்னேன்.

"அடப் பாவமே, நீ என்னத்த வித்தியோ!" என்றவர், தடுத்தும் கேளாமல் எனக்கும் சேர்த்து இளநீர் வெட்டச் சொன்னார்.

கிளார்க்குக்கு மறுநாளே கைகூப்பி நன்றி சொல்லிவிட்டேன். அந்த இளநீருக்கு இன்றுதான் சொல்கிறேன்.