பதினேழாவது தோணி

நான் இருப்பது மனைவியின் வீட்டில். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஓர் உடுப்புப் பையோடு வந்து ஏறுவார். இருபது வருடமாகியும் அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்க எனக்கு உரிமை இல்லை. அடித்தால் மாமிக்கு நெஞ்சு வலிக்கும்.

கலியாண நாளை நான் மறந்துபோனதால் மனைவி ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. சமாதானம் தேடி, நகரத்தில் நடந்த ஓவியக் கண்காட்சியில் ஓர் அச்சுப்படம் வாங்கினேன். வாவியில் தோணி, அதில் ஓர் ஆண், அவன் தோளில் தலை சாய்த்த பெண். மரக்கட்டையில் செதுக்கி ஐம்பதே பிரதிகள் அச்சிட்டுவிட்டு, கட்டையை உடைத்துவிட்டாராம் ஓவியர். அடியில் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் 17/50 என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தார்.

"ஓரத்த மட்டும் வெட்டிப்போடாதீங்க அண்ணன். படம் சேர்க்கிற ஆக்கள் அதத்தான் முதல்ல பார்ப்பாங்க," என்றான் விற்ற பையன்.

எனக்கு எதைச் செய்யாதே என்கிறார்களோ, அது மட்டும் கைவந்துவிடும்.

வீட்டில் இருந்த ஒரே ஆணியில் எங்கள் கலியாணப் படம். மனைவி கோயிலுக்குப் போன நேரம் அதைக் கழற்றினேன். அதன் சட்டத்துக்குள் தோணியை வைத்து அவளை அசத்துவதாகத் திட்டம். வாவிக்கரை ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தேன். அவள் முழுதாக வந்தாள். என் தலை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. பிளேட்டால் சுரண்டினேன். சொந்த முகத்தைச் சுரண்டுவது கடினமில்லை, தினமும் சவரம் செய்கிற கைதானே. தோணி சட்டத்தைவிடப் பெரிது. அதே பிளேட்டால் ஓரத்தையும் வெட்டினேன். பதினேழு போனது, கையெழுத்தும் போனது.

முதலில் கண்டவர் மாமி.

"புள்ள, இஞ்ச ஓடி வா! உன்ட மாப்பிள உன்னக் கழட்டிப்போட்டு வேற ஒருத்தியக் கொழுவி வெச்சிரிக்கார்!"

கையில் திருநீற்றோடு வந்த மனைவி, மேசையில் தலையில்லாமல் கிடந்த என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"இது ஆரு?"

"காதல். ஐம்பதே ஐம்பதுதான் அடிச்சதாம்."

"அப்ப இன்னும் நாப்பத்தொம்பது வீட்டில இவள் சாஞ்சிக்கிட்டு இரிக்காள். எங்கட படம் ஒண்டே ஒண்டுதான். வெள்ளத்தில கலியாண அல்பம் போன பிறகு மிஞ்சினது. தெரியுமா, தெரியாதா?"

தெரியும். அந்த வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் அந்தப் படத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தவள் அவள். நான் தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கினேன்.

"வேற படம் எடுப்பம்..."

"எந்த மூஞ்சியோட?"

"தல போனா என்ன மகள்," என்றார் மாமி. "இருந்த காலத்திலயும் அதுக்கு வேல இருக்கல்லயே."

மனைவி சிரிக்கவில்லை. தோணியை உருவி என் கையில் தந்துவிட்டு, தலையில்லாத படத்தைச் சட்டத்துக்குள் வைத்து அதே ஆணியில் மாட்டினாள். வருகிறவர்கள் கேட்டால், "வெட்டினவர் அந்தா இரிக்கார்" என்று என்னைக் காட்டுகிறாள்.

தோணியை, நான் மாப்பிள்ளையாக வந்து ஏறிய அன்று கொண்டுவந்த உடுப்புப் பைக்குள் வைத்திருக்கிறேன். நேற்று அந்தப் பையை அவள் அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி, தூசு தட்டி, வாசல் பக்கம் வைத்தாள்.