டை மேட்சும் தகரக்காரரும்

என் அக்காவைக் கட்டினவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள் ஸ்டேடியத்துக்காரர்கள். அவர் ஓய்வு பெறுகிறாராம், சிறப்பு மலர் போடுகிறார்களாம். எழுதிக் கொடுத்தேன். 'கடமை தவறாதவர்' என்றுகூட ஒரு வரி வைத்தேன். எழுதிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இது அந்த மலரில் வராத சங்கதி.

அத்தானுக்கு ஊர் வைத்த பெயர் தகரம். முப்பத்தொரு வருஷமாகக் கிரிக்கெட் மைதானத்து ஸ்கோர்போர்டின் முதுகுப் பக்கம்தான் அவருக்கு வேலை. மூன்று மாடி உயரத்துக்குப் பலகைச் சுவர், செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, கொக்கிகளில் வரிசையாகத் தகர எண்கள். ஆட்டக்காரன் ரன் எடுத்தால் ஒரு தகரத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்ட வேண்டும். வெயில் நாளில் உள்ளே ஆள் வெந்துவிடுவான். புறா எச்சம், வியர்வை, துருப்பிடித்த இரும்பு எல்லாம் கலந்து ஒரு நாற்றம். குளித்துவிட்டு வந்தால்தான் அக்கா அவரைச் சமையலறைப் பக்கமே விடுவாள்.

எதிர்ப்பக்கம் ஸ்கோர் எழுதுகிறவரின் அறை. அங்கிருந்து ஒயர் இழுத்து, போர்டுக்கு உள்ளே ஒரு சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள். மாட்டிய எண் தப்பென்றால் விளக்கு எரியும். தகரத்தை மாட்டு, விளக்கைப் பார். இவ்வளவுதான் வேலை. பலகைகளுக்கு நடுவே விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு உண்டு. அதில் கண்ணை வைத்தால் ஆட்டம் தெரியும். விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டியிருக்கும்.

நாடுகளுக்கு நடுவே நடக்கிற ஆட்டம் டை ஆவது ரொம்ப அபூர்வம். இரண்டு பக்கமும் ஒரே ரன், யாருக்கும் ஜெயம் இல்லை. எங்கள் மைதானத்தில் அப்படி நடந்தது ஒரே ஒரு தடவை, இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால். ஊரே இன்னும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. வாசலில் கல்வெட்டு வேறு. இப்போதெல்லாம் அதைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

எதிரணி எடுத்தது இருநூற்று நாற்பத்தாறு. நம் பக்கம் இருநூற்று நாற்பத்து நாலு. இரண்டு பந்து பாக்கி. அடித்தவன் இருபத்திரண்டு வயதுப் பையன், அணிக்குப் புதுசு. அடித்துவிட்டு இரண்டு ரன் ஓடினான். ஆனால் முதல் ரன்னில் கோட்டைத் தொடாமலே திரும்பிவிட்டான். அம்பயர் தோளைத் தொட்டுக் காட்டினார், அதில் ஒன்று செல்லாது என்று. கூச்சலில் பையன் கவனிக்கவில்லை. அத்தானும் கவனிக்கவில்லை. இரண்டென்று கணக்குப் போட்டு ஆறாம் நம்பர் தகரத்தை மாட்டினார். ஐந்து இருக்க வேண்டிய இடம் அது. விளக்கு எரிந்தது. அத்தானோ கடைசிப் பந்தைப் பார்க்கும் ஆசையில் இடுக்கில் கண்ணைப் பதித்துக்கொண்டு நின்றார்.

பையன் போர்டை நிமிர்ந்து பார்த்தான். இருநூற்று நாற்பத்தாறு. சமமாகிவிட்டோம், இன்னும் ஒன்று எடுத்தால் ஜெயம். ஆளே இல்லாத பக்கமாகப் பந்தைத் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடி, மட்டையைத் தூக்கிக் குதித்தான். இரண்டாவது ரன்னை நடந்தே எடுத்திருக்கலாம். அவனுக்கு அது தேவைப்படவில்லை.

ஏழாம் நம்பரை மாட்டத் திரும்பியபோதுதான் அத்தான் விளக்கைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது. உண்மையான ஸ்கோர் இப்போதுதான் இருநூற்று நாற்பத்தாறு. பந்துக்கு முன்னால் தப்பாக இருந்த தகரம், பந்துக்குப் பிறகு தானாகவே சரியாகிவிட்டது. அவர் அதைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரத்துப் போர்டு டிவி கேமராவில் விழவில்லை. பார்த்த ஜனத்தில் பாதி ஆறு என்றது, பாதி ஐந்து என்றது. போர்டைப் பார்த்துத்தான் நின்றேன் என்று பையன் தலையில் அடித்துக்கொண்டான். கிரிக்கெட் சங்கச் செயலாளர் அத்தானைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"போர்டுல என்ன இருந்துச்சு?"

"அஞ்சுதான் சார்."

ஸ்கோர் எழுதினவரும் வாயைத் திறக்கவில்லை. விளக்கைப் போட்டேன் என்றால், ஆட்டத்தை ஏன் நிறுத்தவில்லை என்று அவரையும் கேட்பார்களே. இரண்டு பேரும் கமுக்கமாக இருந்து பிழைத்துக்கொண்டார்கள். பையனை அதோடு அணியிலிருந்து தூக்கினார்கள். 'ஒத்தை ரன்' என்று பட்டம் கட்டினார்கள். எண்ணத் தெரியாதவன், பழியைப் போர்டு மேல் போடுகிறவன் என்று பேப்பர்காரன்கூட எழுதினான்.

எனக்கு இதெல்லாம் போன மாசம்தான் தெரியும். அத்தானே வந்து சொன்னார். "உங்கக்கா அப்போ மாசமா இருந்தா. வேலை போயிடும்னு பயந்துட்டேன்" என்றார்.

"அக்கா தலையில கட்டாதீங்க. பயந்தது நீங்க" என்றேன்.

பிறகு, "அந்தப் பையன்கிட்ட சொல்லிடணும்ப்பா. ரிடையர் ஆகப்போறேன், இனிமே ஒருத்தனும் என்னை ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். சீ என்றிருந்தது. மனசாட்சி பென்ஷனுக்காகக் காத்திருந்திருக்கிறது. இருந்தாலும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டாமா?

பையனுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயசு. பந்து, மட்டை விற்கிற கடை வைத்திருக்கிறார். வாசலில் கொட்டை எழுத்தில் 'ஒத்தை ரன் ஸ்போர்ட்ஸ்'. உள்ளே அவர் மட்டையைத் தூக்கிக் குதிக்கிற போட்டோ, ஆளுயரத்துக்கு. அத்தான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அழுதார்கூட.

கடைக்காரர் கேட்டுக்கொண்டே ஒரு மட்டையின் கைப்பிடிக்கு ரப்பர் உறை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்த பிறகு சிரித்தார்.

"விடுங்க பெரியவரே. இதை வெளிய சொல்லிடாதீங்க. வருஷா வருஷம் மேடையில ஏறி, எனக்கு எண்ணத் தெரியாதுன்னு சொல்லித்தான் கைத்தட்டு வாங்குறேன். முட்டாளைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வாங்க. பாவப்பட்டவனை எவன் கூப்பிடுவான்?"

அத்தான் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஒருத்தர் பொய்யைச் சொன்னார், இன்னொருத்தர் அதை வைத்துக் கடை போட்டிருக்கிறார், நடுவில் நான் எதற்கு என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வண்டியை எடுக்கும்போது கடைக்காரர் பின்னாலேயே வந்தார். அத்தான் இன்னும் போட்டோவைப் பார்த்துக்கொண்டு உள்ளே நின்றார்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க, வயசானவர்" என்று குரலைத் தாழ்த்தினார். "எங்கப்பா கணக்கு வாத்தியார். தப்பா எண்ணினது பெரிசில்ல, போர்டு மேல பழி போட்ட பாரு, அதைத்தான் தாங்க முடியலன்னார். இருபத்தாறு வருஷம் என்கூடப் பேசல. போன வருஷம் ஆஸ்பத்திரியில, இப்பவாவது உண்மையைச் சொல்லுடான்னார். சரிப்பா, போர்டு சரியாத்தான் இருந்துச்சு, நான்தான் பொய் சொன்னேன்னு சொன்னேன். அப்புறம்தான் என் கையைப் பிடிச்சார்."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

அத்தான் லேசாகிப்போன முகத்தோடு வெளியே வந்தார். "நல்ல மனுஷன்ப்பா. மன்னிச்சிட்டான்" என்றபடி பின்சீட்டில் ஏறக் காலைத் தூக்கினார்.

"நீங்க பஸ்ல வாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.